அச்சை விட்டு இறங்காத ஓடம்

டூமி பட்டறை ஓடத்துக்கு விளிம்பில் உள்ளே ஒடுங்கும் அந்த இடுப்பு வளைவு எப்படி வந்தது என்று ஒட்டொனபீ ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஜெரமையா டூமி அதைக் கனவில் கண்டான் என்பார்கள் சிலர். இங்கிலாந்துக்காரன் செய்தால்தான் எதையும் நம்பும் சிலர், அங்கேயிருந்து படம் வரவழைத்துப் பார்த்துச் செய்தான் என்பார்கள். பட்டறை மூன்று மாடியாக வளர்ந்த பிறகு அவர்களே போட்ட விலைப் புத்தகத்தில் 'நெடுங்கால ஆராய்ச்சியின் பலன்' என்று அச்சடித்திருந்தது. கனவும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை. அதுவும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சண்டை.

அன்றைக்குப் பட்டறை என்று பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. மாவு மில்லுக்குக் கீழே ஆற்றைப் பார்த்த ஒரு கொட்டகை, பலகைச் சந்துகளில் பனிக்காற்று ஊதும். ஒரு மூலையில் விறகடுப்பும் ஆவிப்பெட்டியும். நடுவில் அச்சு. கொட்டகையில் மதிப்புள்ள பொருள் அது ஒன்றுதான். பாஸ் என்கிற இளகிய மரம் ஒன்றையே ஓடத்தைக் கவிழ்த்த வடிவத்தில் செதுக்கியது. ஜெரமையாவும் அவன் அண்ணன் டிமத்தியும் இரண்டு கோடைகாலம் உட்கார்ந்து இழைத்தது. அதன் முதுகின் குறுக்கே வரிசையாக இரும்புப் பட்டைகள் பதித்திருக்கும். ஆவியில் வெந்த விலாச்சட்டத்தை ஒவ்வொரு பட்டையின் மேலும் சரியாக வைத்து வளைக்க வேண்டும். அதன்மேல் நீளவாக்கில் தேவதாருப் பலகைகளை வைத்துச் செப்பாணி அடிக்க வேண்டும். ஆணி பலகையைத் துளைத்து, விலாவைத் துளைத்து, அடியிலிருக்கும் இரும்பில் முட்டி முனை மடங்கித் திரும்ப விலாவையே கவ்விக்கொள்ளும். அப்புறம் ஓடத்தை அப்படியே மேலே தூக்கினால் உடம்பிலிருந்து சட்டை கழல்வதுபோல் கழன்று வரும். இவ்வளவு எளிதான விஷயத்தை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

யோசித்தவன் டிமத்தி. ஆனால் அந்த அச்சில் நாலைந்து ஓடம் பிறப்பதைத்தான் அவன் பார்த்தான். வசந்தத்தில் ஐஸ் உடைந்ததும் காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கட்டை மேல் ஓடியே மில் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். நல்ல கூலி என்று போனான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே கால் போனது. மூன்று மைல் கீழே எடுத்தார்கள்.

ஜெரமையாவும் முன்பு காட்டு முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தவன்தான். இடது காலில் இரண்டு விரலைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். அவன் மனைவி ஹனோரா கல்யாணமான நாளிலிருந்து பாதி வருஷம் விதவை மாதிரி இருந்தவள். அண்ணன் செத்த பிறகு அவன் ஓடம் கட்டியே பிழைப்பது என்று உட்கார்ந்ததில் அவளைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் கிடையாது. ஆணியடிப்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஆணிகளை வாயில் ஒதுக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தலை முன்னே வரும்படி தள்ளி, எடுத்து, வைத்து, இரண்டே அடி. பேச்சு வராத வேலை அது. அவளுக்கு அது மட்டும்தான் கஷ்டம்.

ஆனால் ஓடம் வாங்க ஆள் வர வேண்டுமே. அந்தப் பங்குனியில் பிரிங்கிள் என்கிற சர்வேயர் வந்து பார்த்தார். வடக்கே ஏரிக்காட்டை அளக்கப் போகிறவர். "ஒண்ணு கட்டி வைங்க. ஐஸ் போன பிறகு வர்ற வியாழக்கிழமை வந்து தண்ணியில விட்டுப் பாக்கறேன். புடிச்சா பன்னிரண்டு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிடிக்காவிட்டால் என்ன என்பதை யாரும் கேட்கவில்லை.

விலா வளைக்கிற அன்று அந்தக் கேள்வி வெளியே வந்தது. ஆவிப்பெட்டியின் பக்கத்தில் ஜெரமையாவின் தங்கை பெக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், நாக்கு கொஞ்சம் நீளம். கொட்டகையில் கடிகாரம் கிடையாது. விலா வேகும் நேரத்துக்குக் கணக்கு ஜெபமாலைதான். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தால் விலா பதம். வேகமாகச் சொன்னால் சட்டம் உடையும், இழுத்துச் சொன்னால் நார் நாராகப் பிரியும். பெக் சொல்லும் வேகம் கொட்டகைக்கே அளவாக இருந்தது.

"ஆமென். எடுங்க," என்றாள் பெக்.

ஜெரமையா துணி சுற்றிய கையால் சட்டத்தை உருவி அச்சின் மேல் போட்டான். அவன் ஒரு முனையையும் எதிரே ஹனோரா மறுமுனையையும் பிடித்து ஒரே சமயத்தில் கீழே இழுத்தார்கள். மரம் சூட்டில் இருக்கும் அந்தச் சில மூச்சு நேரம்தான் வளையும்.

"மக்கேப் மேஸ்திரிய எதுக்குப் பாத்தே?" என்றாள் ஹனோரா, இழுத்துக்கொண்டே.

"யார் சொன்னா?"

"மில்லுல எல்லாரும் சொல்றாங்க. கட்டை ஓட்ட வர்றேன்னு வாக்குக் குடுத்தியாமே."

ஜெரமையா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "சர்வேயர் வேணாம்னுட்டுப் போனா? அப்ப என்ன செய்யச் சொல்றே? ஒரு வழி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"டிமத்தி போன வழி."

"வாய மூடு ஹனோரா."

அவள் மூடிக்கொண்டாள். அந்த விலா ஆறிவிட்டது. இரண்டு முனையும் சரியான இடத்தில்தான் இருந்தன. இருவரும் முகத்தோடு முகம் பார்த்த அந்த ஒரு கணத்தில் நடுமுதுகில் அது பட்டையை விட்டுக் கட்டைவிரல் அகலம் விலகிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அதன்மேல் பலகை ஏறியது.

அதற்குப் பிறகு கொட்டகையில் பேச்சு பெக் வழியாக நடந்தது. "அவர்கிட்டச் சொல்லு, செப்பாணி தீரப்போகுது." "அவகிட்டச் சொல்லு, டப்பா அடுப்புக்குப் பின்னால இருக்கு." தவக்காலம் வேறு, கறி கூடாது, மூன்று வேளையும் உருளைக்கிழங்கும் உப்பு மீனும். "நான் என்ன தபால்காரியா?" என்று கேட்டுக்கொண்டே பெக் சேதியைக் கொண்டு போய்ச் சேர்த்தாள்.

ஆணி அடிக்கும்போது அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். ஆணி இரும்பில் முட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். எல்லா விலாவிலும் டிங், டிங், டிங். அந்த விலா வந்தபோது 'தொப்' என்றது. ஹனோராவின் சுத்தியல் ஒரு கணம் நின்றது. அந்தப் பக்கம் அவன் சுத்தியலும் நின்றது. அவன் வாய் திறக்கட்டும் என்று அவள் இருந்தாள். அவன் சுத்தியல் மறுபடி அடிக்க ஆரம்பித்ததும், சரி, அவனுக்குத் தெரியாததா என்று அவளும் அடித்தாள். பலகைக்குப் பலகை, அந்த விலாவின் நடுப்பகுதி முழுக்கத் தொப் தொப் என்று நல்ல உறுதியாக அடித்தார்கள். வேலையில் இருவரும் கெட்டி. வீம்பில் அதைவிடக் கெட்டி.

சனிக்கிழமை மதியம் ஓடத்தைத் தூக்கினார்கள். வரவில்லை. பெக்கும் வந்து பிடித்தாள். முன்முனை அரை அங்குலம் எழும்பியது, பின்முனையும் எழும்பியது, நடு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஜெரமையா பலகையில் காதை வைத்துத் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான்.

"அச்சோட சேத்து அடிச்சிருக்கோம்," என்றான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் எலைஜா வந்து நின்றான். சேற்றேரிக்கரை மிசிசாகா பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவன், விலாவுக்கான எல்ம் மரம் கொண்டு வருகிறவன். டிமத்தியின் சிநேகிதன். கையில் மேப்பிள் சர்க்கரைக் கட்டி ஒன்று இருந்தது. அவர்கள் ஜனங்கள் பிர்ச் மரப்பட்டையில் கட்டும் ஓடத்துக்கு விளிம்பை விட வயிறு அகலம், பக்கங்கள் உள்ளே வளைந்து அலையைத் தள்ளும். டூமிகளின் ஓடம் மேலே போகப்போக விரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய பிறகு அச்சை விட்டுக் கழலாது. அதனால் எலைஜா அதைப் பன்றித்தொட்டி என்றுதான் சொல்வான்.

"என்ன டூமி, தொட்டி எறங்க மாட்டேங்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் தட்டிப் பார்த்தான். ஓடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "நெம்பினா?"

"பலகை காலங்குல கனம். கிழிஞ்சிரும்," என்றான் ஜெரமையா. "ஓடத்த அறுத்து எடுக்க வேண்டியதுதான். வியாழக்கிழமைக்குள்ள இன்னொண்ணு ஆவாது. பலகையும் இல்ல. பிரிங்கிள் வந்தா இல்லைன்னு சொல்லிரலாம்." அவன் சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்தான்.

ஹனோரா அத்தனை நாளைக்குப் பிறகு அவனோடு நேராகப் பேசினாள். "ரம்பத்தக் கீழ வை ஜெரி."

"அச்சு இருந்தா அடுத்த வருசம் கட்டிக்கலாம்."

"அடுத்த வருசம் யாரு கட்டுவா? நீயும் ஆத்தோட போயிட்டா வந்து கட்டுவியா? அச்ச அறு. ஓடத்த விடு."

"இது டிமத்தி கை பட்டது," என்றான் ஜெரமையா. "அவனோடதுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். இத அறுக்கச் சொல்ல ஒனக்கு எப்படி மனசு வருது?"

டிமத்தி இழைப்புளி பிடித்து அந்த முதுகைத் தடவித் தடவிப் பார்த்தது ஹனோராவின் கண்ணிலும் நின்றது. மனசு வரத்தான் இல்லை. ஆனாலும் இவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இதே கொட்டகையில் கிடத்துவார்களே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெக்தான் குறுக்கே வந்தாள். "டிமத்தி ஒனக்கு மட்டும் அண்ணன் இல்ல. எனக்குந்தான். அவன் இருந்திருந்தா இந்நேரம் அறுத்து முடிச்சு டீ குடிச்சிருப்பான். கட்டையக் கட்டிக்கிட்டு அழற ஆளா அவன்?" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதாள்.

எலைஜா சர்க்கரைக் கட்டியை மேஜையில் வைத்தான். "கவுத்தது போதும், நிமித்திப் போடுங்க. மரத்தோணி குடையற மாதிரி மேல இருந்து நடுவக் குடைஞ்சு எடுக்கலாம். நடு போச்சுன்னா முன்னும் பின்னும் தானா வரும்," என்றான். "ஆனா நாளைக்கு ஞாயித்துக்கெழம. எங்க பாதிரியாரு வேல செய்யக் கூடாதுன்னுவாரு."

"எங்க பாதரும் அதான் சொல்வாரு," என்றாள் பெக், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நால்வரும் அச்சும் ஓடமுமாகப் புரட்டி மரக்குதிரைகள் மேல் வைத்தார்கள். இப்போது ஓடம் கீழே, அச்சின் தட்டையான அடிப்பக்கம் மேலே. ஓடம் நிறைய மரம். குறுக்கே இரண்டு இடத்தில் கோடு போட்டு ரம்பத்தை இறக்க வேண்டும். மேலிருந்து அறுக்கிறவர்களுக்கு ரம்பம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு இழுப்பு அதிகமானால் விலா போகும், பலகை போகும். அச்சும் இல்லை, ஓடமும் இல்லை என்றாகிவிடும்.

"நான் கீழ படுக்கறேன்," என்றாள் ஹனோரா.

மல்லாந்து படுத்து, ஓடத்தின் அடிவயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்தாள். ஜெரமையாவும் எலைஜாவும் ஓடத்தின் விளிம்பில் படாமல் கூர்முனை ரம்பத்தைச் செங்குத்தாக இறக்கி மாறி மாறி அறுத்தார்கள். முதலில் அவள் கைக்கு எதுவுமே தெரியவில்லை. அப்புறம் தூரத்தில் வண்டி போவதுபோல் ஒரு அதிர்வு. அது மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. பலகையின் தேவதாரு வாசனையும் விளிம்பில் சிந்திய மரத்தூளும் முகத்தில் இறங்கின. ரம்பப் பல் ஒவ்வொன்றாகக் கைரேகையில் ஓடுவது மாதிரி ஆனது. இன்னும் கொஞ்சம் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போக வேண்டாம் என்றும் தோன்றியது.

"நிறுத்து," என்றாள்.

ரம்பம் நின்றது. மேலேயிருந்து ஜெரமையா கேட்டான். "நல்லாத் தெரியுதா?"

"தெரியுது." கையை எடுக்காமலே அவள் சொன்னாள். "அன்னைக்கு ஆணி சத்தம் மாறினதும் எனக்குத் தெரிஞ்சுது ஜெரி."

"எனக்குந்தான்," என்றான் அவன்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

எலைஜா ரம்பத்தை விட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு வார்த்தைக்குப் பதிலா ஒரு மரத்தையே அறுக்கறீங்க. எங்க ஊர்ல இவ்வளவு பெரிய வீம்புக்கு மரம் கெடையாது," என்றான். பெக் சிரித்த சிரிப்பில் ஜெபமாலை கீழே விழுந்தது.

இரண்டாவது கோடும் இறங்கியது. பிறகு நடுத்துண்டைக் கோடாலியாலும் வாய்ச்சியாலும் குடைந்தார்கள். எலைஜாவின் கை அதில் அழகு. கால் விரலுக்கு அருகே வாய்ச்சியை வீசி மெல்லிய சீவலாக உரித்துக்கொண்டே போனான். ஆழம் போனதும் ஜெரமையா உளியை எடுத்தான். அண்ணன் இழைத்த மரத்தைச் சிராய் சிராயாகப் பெயர்த்து வெளியே போட்டான். போடும்போது ஒவ்வொன்றையும் வீசாமல் வைத்தான். பொழுது சாய்வதற்குள் செப்பாணிகளின் கூர்முனைகள் வரிசையாகத் தெரிந்தன. ஹனோரா ஓரமாகச் சாய்ந்து ஒவ்வொன்றையும் இடுக்கியால் மடக்கி விலாவிலேயே பதித்தாள். நடு காலியானதும் முன் துண்டை நடுவுக்கு நகர்த்தித் தூக்கினார்கள், வந்துவிட்டது. பின் துண்டையும் அப்படியே. ஓடம் இறகு மாதிரி கிடந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. ஹனோரா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதாள்.

ஜெரமையா அழவில்லை. அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அச்சு போனதும், குறுக்குக் கட்டை இன்னும் போடாத ஓடத்தின் விளிம்பு உள்பக்கம் சுருங்கிவிட்டிருந்தது. பின் துண்டு வெளியே வந்தபோது ஓடத்தின் வாய் வயிற்றைவிடக் குறுகலாக இருந்தது. இருந்தும் துண்டு வந்தது. அவன் துண்டை மறுபடி உள்ளே வைத்தான். நடுவுக்கு நகர்த்தினான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"எலைஜா," என்றான், "அச்சுல நடுத்துண்ட மட்டும் கழட்டற மாதிரி வச்சா?"

எலைஜா குனிந்து பார்த்தான். முதல்முறையாக அவன் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. "அப்ப எங்க ஓடத்து வயிறு ஒங்க ஓடத்துக்கும் வரும்," என்றான்.

வியாழக்கிழமை பிரிங்கிள் வந்தார். விளிம்பும் இருக்கையும் பூட்டி எண்ணெய் தேய்த்துத் தயாராக இருந்த ஓடத்தைத் தண்ணீரில் இறக்கி, மேல்காற்றுக்கு எதிராகப் பாலம் வரை துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பினார். கால்சட்டையின் அடிப்பக்கம்கூட நனையவில்லை. உள்ளே விரலால் தடவிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த விலா ஏன் கோணலா இருக்கு?"

பெக் வாயைத் திறப்பதற்குள் ஜெரமையா சொல்லிவிட்டான். "அன்னைக்கு எனக்கும் அவளுக்கும் சண்டை."

பிரிங்கிள் ஹனோராவைப் பார்த்தார். அவரும் கல்யாணமானவர்தான் போலிருக்கிறது. "ஒழுகல இல்ல, போதும். பன்னிரண்டு கட்டுங்க," என்றார்.

"இத மாதிரி கட்ட மாட்டேன்," என்றான் ஜெரமையா.

கைக்கு வந்ததை இந்த மனுஷன் ஆற்றில் தள்ளுகிறானே என்று ஹனோரா பதறினாள்.

"இது பன்னித்தொட்டி சார். இதவிட நல்லதா ஒண்ணு வரப்போகுது, ஏரி அலையில நீங்க நிம்மதியாத் தூங்கலாம். ஜூன் வரைக்கும் பொறுக்க முடியும்னா அதுல பன்னிரண்டு தர்றேன். முடியாதுன்னா இத எடுத்துட்டுப் போங்க, மத்தத வேற எடத்துல வாங்கிக்குங்க."

பிரிங்கிள் அவன் முகத்தைப் பார்த்தார், ஓடத்தைப் பார்த்தார், சட்டைப் பையில் கையை விட்டுப் புகைக்குழாயை எடுத்துப் பற்ற வைத்தார். ஹனோரா மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். "ஜூன் முதல் வாரம்," என்றார் அவர். "அதுக்கு மேல ஒரு நாள் பொறுக்க மாட்டேன்."

அதிலிருந்துதான் எல்லாம். அந்தப் பன்னிரண்டும் வடக்கே போய் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பின. அப்புறம் தேடி வந்தவர்கள் வேறு நாடுகளிலிருந்தும் வந்தார்கள். எலைஜா கேலி செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டு அச்சில் ஏற்றியதாக ஜெரமையா கடைசி வரைக்கும் சொன்னான். விலைப் புத்தகம் எழுதியவர்கள் அதை எழுதவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மக்கேப் மேஸ்திரியின் வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், காலில் ஆணி பதித்த பூட்ஸ்.

"டூமி எங்க? ஐஸ் எறங்கிருச்சு. வர்றேன்னு சொன்னானே," என்று கத்தினான் மக்கேப்.

ஹனோரா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜெரமையா தரையில் குப்புறப் படுத்திருந்தான். அண்ணன் செதுக்கிய முன் துண்டும் பின் துண்டும் இரண்டு பக்கம். நடுவில் புது மரத்துண்டு ஒன்றை வைத்து, எடுத்து, சீவி, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி முழுக்கத் தூள்.

"ஜெரி, மக்கேப் வந்திருக்கார்," என்றாள்.

"யாரு?" என்றான், திரும்பாமலே.

அவள் வெளியே வந்து "அவர் வரல," என்றாள். அத்தனை நிம்மதியாக அவள் எந்த வார்த்தையையும் அதற்கு முன் சொன்னதில்லை. வண்டி வடக்கே திரும்பிப் போவதைப் பாலம் தாண்டும் வரை நின்று பார்த்தாள்.

பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டாள். பெக் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டே, "இனி வருசம் முழுக்க இப்படித்தான். அந்த முகாமாவது பாதி வருசத்துல திருப்பிக் குடுத்துச்சு," என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் ஹனோரா. மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். அப்போதும் அவனுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தான்.